சரித்திரம் சுமந்த செக்குமாடு

எந்தப் பஞ்சாங்கத்திலும் சிக்காத ஒரு பழங்காலத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் 'அது எங்கள் ஊர்தான்' என்று நாலு ஊர்க்காரர்கள் மல்லுக்கு வருவார்கள். அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். நந்திவளவன் என்ற மன்னன் அதை ஆண்டுவந்தான். நல்லவன், தாராளமானவன். அவனிடம் ஒரே ஒரு தொல்லை. சாப்பிட்ட பிறகு மற்றவர்களைப் போலத் தூங்க மாட்டான், யோசிப்பான். அவன் யோசித்தால் நாட்டில் வேறு யாருக்காவது தூக்கம் போகும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மேல்மாடத்தில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். கீழே கோட்டைக்கு வெளியே, மண்சுவர் போட்ட மைதானத்தில் வாரச் சந்தை கூடியிருந்தது. மலையிலிருந்து தேனும் மிளகும் வந்திருந்தன. கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் வந்திருந்தன. மலைமக்களின் தலைவி சடைச்சியும் உப்பு வண்டிக்காரன் காத்தானும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அவனுடைய படியைத் திட்டினாள். அவன் அவளுடைய தேனைத் திட்டினான். அவள் எழுந்து போவதுபோல் போனாள். அவன் கூப்பிடாததுபோல் கூப்பிட்டான். கடைசியில் அவன் ஒரு கை உப்பை மேலே அள்ளிப் போட்டான். அவள் ஒரு துண்டுத் தேனடையைப் பிய்த்து அவன் வாயிலேயே வைத்தாள். இருவரும் சிரித்துக்கொண்டு பிரிந்தார்கள்.

மன்னன் மெல்லுவதை நிறுத்தினான். இதே மைதானத்தில்தான் அவனுடைய பாட்டன் மலைமக்களோடு பெரிய போர் நடத்தி வென்றான். அரண்மனைச் சரித்திர ஓலையில் அது பதினெட்டுப் பாட்டாக இருந்தது. சின்ன வயதில் பிரம்படி வாங்கி அதை மனப்பாடம் செய்தவன் நந்திவளவன். அந்தப் பகை எங்கே போயிற்று? இந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? அவன் யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

மறுநாள் சபை கூடியதும் கேட்டான்.

"சபையோரே, என் பாட்டனார் காலத்தில் அந்த மைதானத்தில் ஈட்டி பேசியது. இப்போது தராசு பேசுகிறது. இது ஏற்றமா, இறக்கமா? இப்படியே போனால் உலகம் எங்கே போய்ச் சேரும்?"

தளவாய் மாறவேள் எழுந்தார். பெரிய நிலம், பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல்.

"இறக்கம்தான் மன்னா. முன்பெல்லாம் விடிந்தால் என் வாசலில் இருநூறு பேர் கைகட்டி நிற்பார்கள். உப்பு வேண்டுமா, என்னிடம் வர வேண்டும். துணி வேண்டுமா, என்னிடம் வர வேண்டும். நானும் கொடுப்பேன். எனக்காக உயிரை விடவும் தயாராக இருந்தார்கள். இப்போது இரண்டு கூடை கத்தரிக்காயை விற்றுவிட்டு அவர்களே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார்கள். நேற்று என் பண்ணையாள் ஒருவன் எதிரே வந்தான். கைகட்டவில்லை. 'சௌக்கியமா' என்று கேட்டான் மன்னா. என்னைப் பார்த்துச் சௌக்கியமா என்று கேட்டான்."

சொல்லிவிட்டுத் தளவாய் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வணிகர் தலைவர் சாத்தப்பனார் மோதிரம் போட்ட விரல்களைக் கோத்துக்கொண்டு எழுந்தார்.

"ஏற்றம்தான் அரசே. வியாபாரம் நுழைந்த இடத்தில் கோபம் தங்காது. வாடிக்கைக்காரனை யாராவது வெட்டுவார்களா? அடுத்த வாரம் அவன் திரும்ப வர வேண்டுமே. பார்த்துக்கொண்டே இருங்கள், இன்னும் நூறு வருடத்தில் உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு விலை இருக்கும். விலை இருந்தால் சண்டை இருக்காது. கோபத்தைக்கூட விலை பேசித் தீர்த்துவிடலாம்."

ஆஸ்தான கணியர் ஆலாலசுந்தரம் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எல்லாம் சுற்று. ஈட்டி போய்த் தராசு வரும். தராசு போய் ஈட்டி வரும். போன யுகத்திலும் இதே சபையில் இதே வார்த்தையை நான் சொல்லியிருக்கிறேன்."

"அப்போது நான் என்ன கேட்டேன்?" என்றான் மன்னன்.

"இதையேதான் கேட்டீர்கள்."

மூவரும் வாதம் செய்தார்கள். ஏற்றம் என்றார் ஒருவர், இறக்கம் என்றார் ஒருவர். நடுநடுவே கணியர், இதுவும் போன யுகத்தில் நடந்ததுதான் என்றார். உச்சிப் பொழுது ஆனது. மன்னனுக்குத் தலை வலித்தது. கடைசித் தூணருகே உட்கார்ந்திருந்த விகடன் பூவராகனைத் திரும்பிப் பார்த்தான்.

பூவராகன் ஒல்லியான ஆள். காது மட்டும் பெரியது. சபையில் யாருக்கு எப்போது மூச்சு முட்டினாலும் ஒரு வார்த்தை சொல்லிச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அன்றும் அதைத்தான் செய்யப் பார்த்தான்.

"மகாராசா, ஓடுகிற குதிரைக்குத் தலை எது, வால் எது என்று ஓட்டத்திலேயே பார்த்தால் நமக்குத்தான் மயக்கம் வரும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். தளவாய் மட்டும் சிரிக்கவில்லை. பூவராகன் சொல்லி மன்னன் சிரித்தால் அவருக்கு வயிறு எரியும். இன்று எரியவில்லை, குளிர்ந்தது.

"மன்னா, இத்தனை நாளில் விகடன் முதல் முறையாக உருப்படியாகப் பேசியிருக்கிறான். ஓடுகிற சந்தையை நிறுத்திப் பார்க்கச் சொல்கிறான். நிறுத்துவோம். சந்தை இல்லாத அந்தப் பொற்காலத்தின் ருசியை அரண்மனையும் ஒரு வாரம் அனுபவிக்கட்டும். அடுத்த வெள்ளி மதியத்துக்குள் உலகம் எந்தப் பக்கம் போகிறது என்பதை யோசனை சொன்ன அவனே காட்டட்டும். வாயால் சொல்லக் கூடாது. வாய்தான் அவனுக்கு நிறைய இருக்கிறதே. தங்கள் கண்ணுக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சந்தை நிரந்தரமாக மூடப்படட்டும். அவனும் நாட்டைவிட்டுப் போகட்டும்."

தலைவலியில் இருந்த மன்னனுக்கு, பேச்சே இல்லாத ஒரு பதில் என்பது மருந்துபோல் இனித்தது. "அப்படியே ஆகட்டும்" என்றான். "பூவராகா, சரித்திரம் எந்தப் பக்கம் போகிறது என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும்."

விளையாட்டுக்குச் சொன்ன ஒரு வார்த்தை ஒரு சந்தையையே இழுத்து மூடிவிட்டது. பூவராகன் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

அவன் மனைவி செங்கமலத்துக்குச் சந்தையில் பணியாரக் கடை. வெள்ளிக்கிழமை விற்பதில்தான் அந்த வீட்டில் வாரம் முழுக்க அடுப்பு எரிந்தது. மன்னன் கொடுக்கிற முத்துமாலையை உலையில் போட முடியாதே.

"வாங்க. குதிரையை நிறுத்துனவரு வந்துட்டாரா" என்றாள்.

"நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"உங்க பேச்சுல அரமணை சிரிக்கும், ஊரு அழுவணுமா? எண்ணெய்க்காரர் செக்கை நிறுத்திட்டாரு. கூடை முடையறவ மடியில முறத்தை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. மலையிலேருந்து அந்த சனங்க ரெண்டு நாள் நடந்து வருவாங்களே, அவங்களுக்கு யாரு சேதி சொன்னா? வெள்ளிக்கிழமை தேனைத் தூக்கிக்கிட்டு வந்து பூட்டைப் பாத்துட்டுப் போவாங்களா?"

வாயை வைத்துப் பிழைக்கிறவனுக்குப் பதில் இல்லாமல் போவது, பல் போவதைப் போல. அன்று அவன் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடு என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை மன்னனிடம் போய் ஒரு வேலை கேட்டான். "மகாராசா, பொற்காலம் என்றால் சுத்தமாக இருக்க வேண்டும். சந்தைப் பொருள் எதுவும் அரண்மனைக்குள் நுழையாமல் இந்த ஒரு வாரம் வாசலில் நின்று நான் பார்த்துக்கொள்கிறேன்." மன்னன் சம்மதித்தான்.

முதலில் வந்தது தளவாய் மாறவேள்தான்.

"தளவாய் அவர்களே, தலைப்பாகை எங்கே நெய்தது?"

"வடக்கேயிருந்து வந்த பட்டு."

"நடந்து வந்ததா?"

"சந்தையில் வாங்கியதுதான். அதற்கென்ன?"

"பொற்காலத்தில் வடக்குப் பட்டு கிடையாதே. கழற்றிக் கொடுங்கள்."

தலைப்பாகை போயிற்று. பிறகு காதுக் கடுக்கன். அது கடல் முத்து. பிறகு மீசைக்குப் போட்ட மெழுகு. அது மலைத்தேன் மெழுகு. பூவராகன் ஈரத்துணியால் மரியாதையாகத் துடைத்துவிட்டான். முறுக்கி நின்ற மீசை இரண்டு பக்கமும் தொங்கிவிட்டது. பிறகு செருப்பு, இடுப்புக் கச்சை, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, வெற்றிலைப் பெட்டி. கடைசியில் வேட்டிக்கு வந்தான்.

"இது என் நிலத்துப் பருத்தி" என்று தளவாய் அலறினார்.

"பருத்தி உங்களுடையது. நெய்தவர்?"

தளவாய் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நூலாக இருந்தவரை பொற்காலம். வேட்டியானதும் சந்தை" என்று சொல்லிவிட்டு, அரண்மனைத் தோட்டத்திலிருந்து வெட்டிவைத்த ஒரு பெரிய வாழை இலையை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினான் பூவராகன். "அசையாமல் நடந்தால் கிழியாது."

பொற்காலம் கேட்காத மற்றவர்களை அவன் உடுப்போடு உள்ளே விட்டான். அன்று தளவாய் சபைக்கு அசையாமல் நடந்து வந்தார். அசையாமல் உட்கார்ந்தார். மன்னன் அவரைப் பார்த்து, உடனே கூரையைப் பார்த்தான். கூரையில் அவ்வளவு நேரம் பார்க்க எதுவும் இல்லை. மதியம் உப்பும் மிளகும் இல்லாத சோறு வந்தது. மன்னன் ஒரு வாய் வைத்துவிட்டு, "பொற்காலத்தில் என் பாட்டனார் ஏன் எப்போதும் கோபமாக இருந்தார் என்று இப்போது புரிகிறது" என்றான்.

சாத்தப்பனாருக்கு ஒரே குதூகலம். "பார்த்தீர்களா, வியாபாரம் இல்லாவிட்டால் மானமே மிஞ்சாது. எதற்கும் ஒரு விலை இருக்க வேண்டும் அரசே, எதற்கும்."

"அப்படியானால் உங்கள் கோபம் என்ன விலை?" என்று கேட்டான் பூவராகன்.

"கோபமா?"

"விலை பேசித் தீர்த்துவிடலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். நான் வாங்கிக்கொள்கிறேன். இன்று பொழுது சாயும்வரை."

சாத்தப்பனார் சிரித்தார். இல்லாத சரக்கை வாங்க ஒரு ஆள் எதிரே நிற்கிறான். விட அவருக்கு மனம் வரவில்லை. பூவராகன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் காட்டினார். அவன் கழற்றிக் கொடுத்தான். சபை சாட்சியாகக் கோபம் கைமாறியது.

பூவராகன் நேரே போய் சாத்தப்பனாரின் ஆசனத்தில் உட்கார்ந்தான். அவர் மோரை எடுத்துக் குடித்தான். மிச்சத்தில் தன் காலைக் கழுவினான். அவர் முகம் சிவந்தது.

"சாத்தப்பனாரே, அது என்னுடையது" என்றான் பூவராகன். "நான் காசு கொடுத்து வாங்கிய கோபத்தை நீங்கள் எடுத்துப் பயன்படுத்தலாமா? வைத்துவிடுங்கள்."

அவர் வைத்துவிட்டார். மிகவும் சிரமப்பட்டுச் சிரித்தார். பூவராகன் அவருடைய மேல்துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினான். அவர் தோளில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மன்னனோடு பேசினான். அவர் சொத்து சேர்த்த கதையைப் பாதி பொய்யும் பாதி மெய்யுமாகச் சபைக்குச் சொன்னான். மெய்யான பாதிக்குத்தான் அவர் அதிகம் துடித்தார். அவருடைய காது மடல் இரண்டும் நெருப்புத் துண்டுபோல் ஆகிவிட்டன.

"திருப்பிக் கொடு" என்றார் கடைசியில். "மாலையை வைத்துக்கொள். என் கோபத்தைக் கொடு. அது இல்லாமல் மனுஷன் எப்படியப்பா இருப்பான்?"

"விலை ஏறிவிட்டதே. உங்களுக்கு இவ்வளவு தேவைப்படுகிற பொருள் ஆயிற்றே."

சாத்தப்பனார் மாலையோடு ஒரு மோதிரத்தையும் சேர்த்துக் கொடுத்து, தன் கோபத்தைத் தானே மீட்டுக்கொண்டு, அன்று முழுவதும் அதை ஆசை தீரப் பயன்படுத்தினார். மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

ஆனால் கணியர் கண்ணை மூடியபடியே ஒரு வார்த்தை சொன்னார். "இவனுடைய வேடிக்கையெல்லாம் சரி. கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை."

மன்னனின் சிரிப்பு நின்றது. "ஆமாம் பூவராகா. வெள்ளி மதியம்."

அது பூவராகனுக்கும் தெரியும். இரண்டு பேரைக் கேலி செய்தாயிற்று. சந்தைக் கதவு பூட்டியபடியே இருந்தது. தினமும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போனான். தளவாய் போட்ட பெரிய பூட்டு வெயிலில் மினுங்கியது. புதன்கிழமை ஏழெட்டுப் பேர் தளவாய் வீட்டு வாசலில் உப்புக்காகக் கைகட்டி நிற்பதைப் பார்த்தான். அதில் ஒருவன் போன வாரம் 'சௌக்கியமா' என்று கேட்டவன். அவன் பூவராகனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பூவராகனுக்கு அன்று தன் பெரிய காதுகளை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை எண்ணெய்ச் செக்கின் பக்கம் போனான். செக்கு சும்மா நின்றது. மாடும் சும்மா நின்றது. பூவராகன் அதன் முதுகைத் தடவியபடி நெடுநேரம் நின்றுவிட்டு, செக்குக்காரரிடம், "நாளைக்கு ஒரு நாள் மாட்டைக் கொடுங்க அண்ணே" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை அரண்மனை முற்றத்தில் அந்த மாடு நின்றது. அதன் முதுகில் ஒரு பட்டுத்துணி. அதன்மேல் அரண்மனைச் சரித்திர ஓலைக் கட்டுகள் அனைத்தும், பாட்டன், முப்பாட்டன் எல்லோரும், கயிறு போட்டு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தார்கள்.

"என்ன இது?" என்றான் மன்னன்.

"சரித்திரம் மகாராசா. எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றீர்கள். வாருங்கள், பார்ப்போம்."

மூக்கணாங்கயிற்றை அவிழ்த்துவிட்டான். சரித்திரம் கிளம்பியது.

மன்னன் ஒரு கணம் யோசித்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தான். மன்னன் நடந்தால் சபை நடக்க வேண்டும். தளவாய், இப்போது உடுப்போடு, நடந்தார். சாத்தப்பனார் நடந்தார். கணியர் வேறு வழியில்லாமல் கண்ணைத் திறந்துகொண்டு நடந்தார். செக்குக்காரர் தன் மாடாயிற்றே என்று கடைசியில் வந்தார். வீட்டு வாசல்களில் சனங்கள் கூடிவிட்டார்கள்.

தெரு மேட்டில் ஏறியது. மாடும் ஏறியது.

"ஏற்றம்" என்றார் சாத்தப்பனார். "எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்."

மேடு முடிந்து குளத்துப் பக்கம் சரிந்தது. மாடும் இறங்கியது.

"இறக்கம்" என்றார் தளவாய். "நான் சொல்லவில்லையா?"

குளக்கரையில் ஒரு அரசமரம். மாட்டுக்கு என்ன ஞாபகம் வந்ததோ, அது மரத்தைச் சுற்ற ஆரம்பித்தது. பதினோரு வருடம் செக்கைச் சுற்றிய மாடு. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. கணியரின் முகம் மலர்ந்தது. அவர் ஆனந்தம் தாங்காமல் மாட்டின் பின்னால் தானும் சுற்றினார். மன்னன் சுற்றினான். சபை முழுவதும் சுற்றியது. ஏழாவது சுற்றில் எது தலை, எது வால் என்று தெரியாமல் மாடு கணியருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

திடீரென்று மாடு நின்றது. மூக்கைத் தூக்கிக் காற்றை இழுத்தது. பிறகு சுற்றையும் விட்டது, தெருவையும் விட்டது. குறுக்கே பாய்ந்து ஓடியது.

"இது எந்தத் திசை?" என்று மன்னன் ஓடிக்கொண்டே கேட்டான். யாரிடமும் பதில் சொல்ல மூச்சு இல்லை.

மாடு நேரே பூட்டிய சந்தைக்கு ஓடியது. அங்கே பூவராகனும் எதிர்பார்க்காத ஒன்று நடந்துகொண்டிருந்தது. கதவுக்கு வலப்பக்கம் மலைமக்கள் நாற்பது பேர் நின்றார்கள். இரண்டு நாள் நடந்த களைப்பு. தேன் குடம் கீழே இருந்தது, வேட்டைக்கு வைத்திருக்கும் ஈட்டி கையில் இருந்தது. இடப்பக்கம் காத்தானும் மற்ற உப்பு வண்டிக்காரர்களும் நின்றார்கள். அவர்கள் கையில் கல்.

"போன வாரத்து உப்பு தீந்துபோயி எங்க புள்ளைங்க உப்பில்லாத கஞ்சி குடிக்குது" என்று சடைச்சி கத்தினாள். "உப்பைப் பதுக்கிட்டுப் பூட்டைப் போட்டு விலை ஏத்தப் பாக்குறியா?"

"நாங்க எங்க பூட்டுனோம்? நீங்க போய் அரமணையில என்னத்தையோ ஓதிட்டு வந்துட்டீங்க" என்றான் காத்தான். "உங்க ஆளுங்கள நம்பக்கூடாதுன்னு எங்கப்பன் அப்பவே சொன்னான்."

"உங்கப்பன் சொன்னானா? எங்க பாட்டன் என்ன சொன்னான் தெரியுமா?"

பாட்டன்களின் பெயர் வந்துவிட்டது. ஒரு ஈட்டி தோளுக்கு உயர்ந்தது. போன வெள்ளிக்கிழமை தேனடையை வாயில் வாங்கியவன் கையில் இப்போது கல் இருந்ததை மன்னன் கண்ணால் பார்த்தான். மேல்மாடத்திலிருந்து பார்ப்பதுபோல் இல்லை. இதற்கெல்லாம் தன் வாய்தான் காரணம் என்று பூவராகனுக்குத் தெரியும். ஓடிப்போய் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே நின்று கையை விரித்தான்.

ஆனால் மாடு நிற்கவில்லை. பூவராகனை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, ஈட்டிகளுக்கும் கற்களுக்கும் நடுவே புகுந்து, காத்தானின் வண்டியில் மூட்டையை முட்டிக் கிழித்தது. உப்பு கொட்டியது. மாடு தலையை உப்புக்குள் புதைத்துக்கொண்டது.

"அஞ்சாறு நாளா தீவனத்துல உப்பில்லை சாமி" என்றார் செக்குக்காரர் மூச்சு வாங்க. "அதான் வாசம் புடிச்சு வந்துடுச்சு."

மாடு குனிந்த வேகத்தில் முதுகுக் கட்டு அவிழ்ந்தது. சரித்திரம் முழுவதும் உப்பில் சரிந்தது. மாடு நாக்கை நீட்டி உப்பை நக்கியது. உப்போடு ஒரு ஓலையை நக்கியது. ருசியாக இருந்திருக்க வேண்டும், ஓலையை மென்றது. தாடையை இடமும் வலமும் ஆட்டி, கண்ணை மூடி, எதற்கும் மிரளாத நிதானத்தோடு மென்றது.

முதலில் சிரித்தது சடைச்சிதான். ஈட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். பிறகு காத்தான் கல்லைக் கீழே போட்டுவிட்டு, "ஏ, என் உப்பு" என்று ஓடினான். மாட்டைத் தள்ளினான், அது நகரவில்லை. சடைச்சி இந்தப் பக்கம் கொம்பைப் பிடித்தாள், அவன் அந்தப் பக்கம் வாலைப் பிடித்தான். மலைக்காரர் பத்துப் பேர், வண்டிக்காரர் பத்துப் பேர் சேர்ந்து இழுத்தார்கள். மாடு அந்த ஓலைக் கட்டு முழுவதையும் கடைசி நரம்புவரை மென்று விழுங்கிய பிறகுதான் தலையைத் தூக்கியது.

கூடவே வந்திருந்த அரண்மனை ஏட்டுக்காரர் மிச்ச ஓலைகளைப் பொறுக்கினார். "மன்னா, மலைப்போர் பதினெட்டுப் பாட்டும் போய்விட்டது."

எல்லோரும் மன்னனைப் பார்த்தார்கள். பாட்டனின் வெற்றி, பிரம்படி வாங்கிப் படித்த பாட்டு.

"அந்தச் சண்டையா?" என்றாள் சடைச்சி. "அதுல எங்க பாட்டன்தான் செத்தாரு. நாங்களே மறந்துட்டோம். போவட்டும் விடுங்க."

தளவாய்க்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. "மன்னா, இந்த விகடன் தங்கள் குலச் சரித்திரத்தையே மாட்டுக்குத் தீனியாகப் போட்டுவிட்டான். திசையையும் காட்டவில்லை. ஏறியது, இறங்கியது, சுற்றியது, ஓடியது. இதில் எது பதில்? இப்போதே இவனைத் துரத்துங்கள்."

மன்னன் பூட்டைப் பார்த்தான். ஈட்டிகளைப் பார்த்தான். "சாவியைக் கொடுங்கள்" என்று தளவாயிடம் கையை நீட்டினான். சாவியை வாங்கித் தானே கதவைத் திறந்தான். சனங்கள் தேனையும் உப்பையும் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். யாரும் மன்னனுக்கு வழிவிடவில்லை. அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

கூட்டம் போன பிறகு, "பூவராகா" என்றான். குரலில் இன்னும் கொஞ்சம் கண்டிப்பு இருந்தது. "கதவைத் திறந்தது என் முடிவு. உன் கெடு தனி. மதியம் ஆக இன்னும் இரண்டு நாழிகை இருக்கிறது. என் பாட்டனாரின் சரித்திரம் எந்தப் பக்கம் போகிறது? காட்டு."

பூவராகன் மாட்டைச் சுற்றி நடந்தான். முன்னால் நின்று அதன் வாயைப் பார்த்தான். வயிற்றில் காதை வைத்துக் கேட்டான். பின்னால் போய் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கை கட்டிக்கொண்டான்.

"மகாராசா, கிளம்பிவிட்டது. பாதி வழி வந்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் தளவாய் அவர்கள் சொன்னதுதான் சரி. கீழ்நோக்கித்தான் போகிறது. நாளைக் காலையில் இங்கே வந்து நின்றால், தங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்."

மன்னன் மாட்டின் வாலைப் பார்த்தான். பிறகு சிரித்தான். சுவரில் கையை ஊன்றிச் சிரித்தான். கிரீடம் நழுவி ஒரு கருவாட்டுக் கூடையில் விழுந்தது. சாத்தப்பனார் தன் கோபம் பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு சிரித்தார். கணியர் இது போன யுகத்தில் நடக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

பூவராகனுக்கு மன்னன் நூறு பொன்னும் இரட்டைச் சால்வையும் கொடுத்தான். செக்குக்காரருக்கு மாட்டின் ஆயுள் முழுவதற்கும் உப்பு. காத்தானுக்குக் கிழிந்த மூட்டைக்கு இரண்டு மூட்டை. சந்தை இனி எக்காரணம் கொண்டும் மூடப்படாது என்று அங்கேயே பறை அடித்தார்கள். சால்வையைப் போர்த்திக்கொண்டு செங்கமலத்தின் கடைக்கு வந்த பூவராகனிடம் அவள் ஒரு பணியாரத்தை இலையில் வைத்து நீட்டினாள். ஏழு நாள் கழித்து அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

தளவாய் மாறவேளுக்கும் மன்னன் ஒரு கௌரவம் செய்தான். திசையை முதலில் சரியாகச் சொன்னவர் அவர்தான் என்பதால், மறுநாள் விடிந்ததும் மாட்டின் பின்னால் ஒரு தங்கத் தட்டோடு போய் நிற்கும் உரிமையை அவருக்கே அளித்தான்.